பங்களிக்க வருபவருக்கு ஒரு கணினி

வில்லாபுரம் என்ற ஊர்ப்பெயரில் எத்தனை எழுத்துகள்? தொடக்கப்பள்ளிப் பிள்ளை விரல் மடக்கி 6 என்று சொல்லிவிடும். பைத்தான் நிரல்மொழியிடம் கேட்டால் 11 என்று விடை வரும். புள்ளியையும் துணைக்கால் போன்ற உயிர்க்குறிகளையும் ஒருங்குறி தனித்தனிக் குறியீடுகளாக வைத்திருப்பதால் வரும் வித்தியாசம் இது. இந்தக் கணக்கைத் தமிழ் முறைப்படி எண்ணித் தரும் நிரல்தொகுப்பு ‘ஓப்பன்-தமிழ்’. எழில் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை தொடங்கியது. கிட்ஹப் தளத்தில் எம்.ஐ.டி. உரிமத்தில் கிடைக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம், சேர்க்கலாம்.

அனுமதி இருக்கிறது. ஆனால் வேலை செய்ய மேசை வேண்டுமே! வில்லாபுரம் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பில் ஒரு கல்லூரி மாணவி இருப்பதாக வைத்துக்கொள்வோம். தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அவளுடைய அண்ணனுக்குக் கிடைத்த கணினிதான் அவளிடம் இருக்கிறது. ஓப்பன்-தமிழில் ஒரே ஒரு பிழையைத் திருத்த நினைக்கிறாள். முதலில் பைத்தான் பதிப்பு ஒத்துவரவில்லை. அதைச் சரிசெய்தால் ஏதோ ஒரு துணைத்தொகுப்பு இல்லை என்று சிவப்பு எழுத்து வருகிறது. மாலை முழுக்க இதிலேயே போய்விடும். கட்டற்ற மென்பொருளுக்கு ஆர்வத்தோடு வருகிற எத்தனையோ பேர் நிரலைத் தொடாமலேயே திரும்பிப் போவது இந்த இடத்தில்தான்.

மேகக்கணி உருவாக்கச் சூழல் இதற்கு வந்த விடை. உலாவியில் ஒரு பொத்தானை அழுத்தினால் எங்கோ ஒரு தரவு மையத்தில் லினக்ஸ் கணினி ஒன்று அவளுக்காகத் திறக்கும். நிரல் அதில் இறங்கியிருக்கும். தேவையான பதிப்புகள் நிறுவப்பட்டிருக்கும். எழுதும் திரை மட்டும் அவள் உலாவியில். கனமான வேலையை அந்தக் கணினி பார்த்துக்கொள்ளும். மின்வெட்டில் மோடம் அணைந்தாலும் அங்கே சேமித்த கோப்புகள் அப்படியே இருக்கும். இணைய இணைப்பு இல்லாமல் வேலை ஓடாது என்பது இதன் பெரிய குறை.

எந்தப் பதிப்பு, எந்தத் தொகுப்பு என்று அந்தக் கணினிக்கு யார் சொல்வது? நிரலோடு நிரலாகக் கிடக்கும் ஒரு சிறு அமைப்புக் கோப்பு. கல்யாணச் சமையல்காரர் எழுதித் தரும் மளிகைச் சீட்டு போன்றது அது. கிட்ஹப் தரும் மேகக்கணிச் சூழலான கோட்ஸ்பேசஸ் படிக்கும் கோப்புக்குப் பெயர் ‘டெவ்கன்டெய்னர்.ஜேசன்’. அதில் முதலில் எழுத வேண்டியது அடிப்படைப் படிமம்: எந்த லினக்ஸ், எந்தப் பைத்தான் பதிப்பு என்பது. அடுத்து, சூழல் உருவானதும் தானாக ஓட வேண்டிய கட்டளை. துணைத்தொகுப்புகளை நிறுவுவது இங்கே வரும். பிறகு எழுதுதிரைக்கு வேண்டிய நீட்சிகள், வலைச்செயலி என்றால் திறக்க வேண்டிய போர்ட் எண். ஓப்பன்-தமிழ் போன்ற ஒரு திட்டத்துக்கு இருபது வரிக்குள் முடிந்துவிடும்.

அந்த வரிகளைப் படித்து எழுப்பப்படுவது ஒரு கன்டெய்னர். தனி இயங்குதளம் முழுவதையும் அது சுமப்பதில்லை. லினக்ஸ் கருவைப் பகிர்ந்துகொண்டு, தன் கோப்புகளையும் இயங்கும் நிரல்களையும் மட்டும் தனியாகப் பிரித்து வைத்துக்கொள்கிறது. 2013-இல் வெளிவந்த டாக்கர் இந்த நுட்பத்தை எல்லோர் கைக்கும் கொண்டுவந்தது. படிமம் அடுக்கடுக்காகச் சேமிக்கப்படுவதால், மாறாத அடுக்குகளை மறுபடி கட்ட வேண்டியதில்லை.

கோப்பை எழுதுகிறவர் பதிப்பு எண்ணைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். ‘கிடைப்பதில் புதியது’ என்று விட்டால் இன்று ஓடுவது அடுத்த ஆண்டு ஓடாது. கடவுச்சொல், ஏ.பி.ஐ. சாவி எதையும் அதில் எழுதவே கூடாது. கோப்பு ஊருக்கே தெரியும். அவற்றை வைக்கச் சேவைகளிலேயே தனி இடம் உண்டு.

கட்டணம்? 2022 நவம்பரிலிருந்து தனிநபர் கணக்குகளுக்கு மாதம் 60 மணி நேரம், 2 கோர் கணினியில், கோட்ஸ்பேசஸ் இலவசம். ஒரு மாணவிக்கு இது தாராளம். ஆனால் இத்தகைய சேவைகள் நிலையானவை அல்ல. 2010-இல் தொடங்கிய கிளவுட்9 நிறுவனத்தை 2016-இல் அமேசான் வாங்கியது. ஜெர்மனியின் கீல் நகரிலிருந்து வந்த கிட்பாட் 2025-இல் ஓனா என்று பெயர் மாறியது. அதனால்தான் ஒரே நிறுவனத்துக்கு மட்டும் புரியும் கோப்பைவிட டெவ்கன்டெய்னர் கோப்பை நான் பரிந்துரைப்பேன். அதன் விதிமுறை திறந்த தரம். டாக்கர் உள்ள சொந்தக் கணினியிலும் அதே கோப்பு ஓடும்.

தமிழ்க் கணிமைத் திட்டங்களை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். வேலை முடிந்து இரவில் உட்காருகிறவர்கள். இந்தக் கோப்பை அவர்களே எழுத வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். நிறுவப் போராடி வென்ற புதியவருக்குத்தான் எந்தப் படியில் கால் இடறியது என்பது பசுமையாக நினைவிருக்கும். அந்த மாணவியே இதைத் தன் முதல் புல் ரிக்வெஸ்ட்டாக, அதாவது மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் விண்ணப்பமாக, அனுப்பலாம். அனுப்பும் முன் பழைய சூழலை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றைத் திறந்து, திட்டத்தின் சோதனைகள் எல்லாம் ஓடுகின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். ரீட்மீ கோப்பில் சூழலைத் திறக்கும் பொத்தானுக்கான இணைப்பையும், என்ன செய்யலாம் என்று தமிழில் இரண்டு வரியும் சேர்த்தால் வேலை முடிந்தது.