மீன் தொட்டி நீர் கலங்குவது ஏன்?

கறவை மாடு, கோழி என்று உபவருமானம் தேடும் சிறு விவசாயிகளுக்கு வண்ண மீன் வளர்ப்பும் ஏற்ற தொழில். கிணற்று நீரும், கொல்லையில் இரண்டு சிமெண்ட் தொட்டிகளும் இருந்தால் சிறிய அளவில் தொடங்கலாம். சென்னை கொளத்தூரில் பல குடும்பங்கள் இத்தொழிலை நம்பி வாழ்கின்றன. பாகூர், வில்லியனூர் பக்கத்து விவசாயிகளுக்குப் புதுவை நகரமே சந்தை.

பெயரில் தோப்பு இருந்தாலும் நெல்லித்தோப்பு இன்று வீடுகள் நெருங்கிய நகரப் பகுதி. அங்கே கண்ணாடித் தொட்டிக்கு மீன் வாங்கிச் செல்பவர் வீட்டில் நாலாம் நாள் தண்ணீர் கலங்கி, வாரத்திற்குள் மீன்கள் செத்தால், அவர் மறுபடி வாங்க வரமாட்டார். ஆகவே நீர் கலங்கும் காரணத்தை வளர்ப்பவர் அறிந்திருப்பதோடு, வாங்குபவருக்கும் சொல்லி அனுப்புவது நல்லது.

மூவகைக் கலங்கல்

தொட்டி நீரைக் கண்ணாடி டம்ளரில் மொண்டு, ஓர் இரவு அசையாமல் வைக்க வேண்டும். காலையில் அடியில் வண்டல் படிந்து மேல்நீர் தெளிந்திருந்தால் அது மண் கலங்கல். சரியாகக் கழுவாத கூழாங்கல்லோ, மழைக்காலக் கிணற்று நீரோ காரணமாக இருக்கலாம். கற்களை நீர் தெளியும்வரை அலசிப் போட வேண்டும். கிணற்று நீரை டிரம்மில் தெளியவிட்டு ஊற்ற வேண்டும்.

தெளியாமல் பால் கலந்தாற்போல் இருந்தால் அது பாக்டீரியா பெருக்கம். புதுத் தொட்டியிலும், தீனி மிஞ்சும் தொட்டியிலும் இது வரும். பச்சையாக இருந்தால் நுண்பாசி. வெயில் நேராகப் படுவதாலும், நீரில் கழிவுச் சத்து மிகுவதாலும் இது பெருகும். குடத்து நீரைத் தெளியவைக்கும் தேற்றாங்கொட்டை மண் கலங்கலுக்கே உதவும். இவ்விரண்டிற்கும் காரணத்தை நீக்குவதே மருந்து.

புதுத் தொட்டியில் பொறுமை

மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகி அம்மோனியா உண்டாகிறது. இது மீனுக்கு நஞ்சு. கல்லிலும் வடிகட்டியிலும் குடியேறும் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் இதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அதிகத் தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை பெருகி நிலைக்க 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதுவரை இரண்டொரு மீன்களை மட்டும் விட்டு, தீனியைக் குறைத்துப் போடுவதே பாதுகாப்பு.

முழு நீரையும் மாற்றலாமா?

நீர் கலங்கியதும் பலர் தொட்டியைக் கவிழ்த்து, கல்லையும் வடிகட்டியையும் தேய்த்துக் கழுவி, குழாய் நீரை நேராக நிரப்புகிறார்கள். இதனால் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் அழிகின்றன. குழாய் நீரில் உள்ள குளோரின் மீனின் செவுளைப் புண்ணாக்குகிறது. நீரின் தன்மை திடீரென மாறுவதாலும் மீன் வாடுகிறது. தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கும், மீன் மிதக்கும்.

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டி சுமார் 56 லிட்டர் கொள்ளும். அதில் கால் பங்கு 14 லிட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு வாளி. வாரம் ஒரு வாளி நீரை அடிக்கசடோடு குழாய் மூலம் உறிஞ்சி எடுத்து, ஒரு நாள் திறந்து வைத்த நீரை அதே அளவு மெதுவாக ஊற்றினால் போதும். வடிகட்டிப் பஞ்சை, வெளியே எடுத்த அந்தத் தொட்டி நீரிலேயே அலச வேண்டும்.

வெண் கலங்கல் கண்டால் ஒன்றிரண்டு நாள் தீனியை நிறுத்தலாம்; வளர்ந்த மீன்கள் தாங்கும். பாக்டீரியா மிகுந்த நீரில் பிராணவாயு குறைவதால் காற்று மோட்டாரை நிறுத்தக் கூடாது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து தவித்தால் உடனே கால் பங்கு நீரை மாற்ற வேண்டும். பச்சை நீருக்குத் தொட்டியை வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். இரவில் விளக்கை அணைக்க வேண்டும்.

தீனியில் கவனம்

ஐந்து நிமிடத்தில் தின்று தீரும் அளவே ஒரு வேளைத் தீனி. நாளுக்கு இரு வேளை போதும். மிஞ்சியதை உடனே எடுத்துவிட வேண்டும். தங்கமீன் அதிகம் கழிக்கும் மீன். 2 அடித் தொட்டியில் இரண்டுக்கு மேல் வேண்டாம்.

எடுத்த நீரை வீணாக்க வேண்டியதில்லை. உப்போ மருந்தோ கலக்காத நீரானால் கீரைப் பாத்திக்கும் தக்காளிச் செடிக்கும் ஊற்றலாம். அதில் தழைச்சத்து உண்டு.

புதுச் சிமெண்ட் தொட்டியில் சுண்ணாம்புக் காரம் இறங்கும். இரண்டு வாரம் நீர் நிரப்பி, அடிக்கடி மாற்றிய பிறகே மீன் விட வேண்டும். நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் புதுவையில்தான் தொடங்கப்பட்டது. குரும்பாப்பேட்டிலுள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகி, முதல் போடுமுன் ஆலோசனை கேட்டுக்கொள்வது நல்லது.