டிரம்மை கழட்டி டிஸ்க் மாட்டினா போதுமா? வீட்டிலேயே கார் கட்டும் வாலிபர்களே, உஷார்!

கோவை:

பழைய மாருதி 800 என்ஜின், பட்டறையில் வளைத்த இரும்பு பைப், ஒரு வெல்டிங் மிஷின். இதை வைத்து வீட்டு ஷெட்டிலேயே சொந்தமாக கார் கட்டும் ஆசை கோவைக்காரர்களுக்கு புதுசு இல்லை. 1980-களிலேயே மாருதி என்ஜினை வைத்து ஒற்றை சீட் ரேஸ் கார் செய்து காட்டிய கரிவர்தன் இந்த ஊர்க்காரர்தான். செட்டிபாளையத்தில் உள்ள ரேஸ் டிராக் அவர் பெயரில்தான் இருக்கிறது.

இப்படி கார் கட்டுபவர்களுக்கு ஒரு கட்டத்தில் வரும் ஆசை, பின் சக்கர டிரம் பிரேக்கை தூக்கிவிட்டு டிஸ்க் மாட்டுவது. "டிஸ்க் மாட்டினா சட்டுனு நிக்கும்" என்பது நினைப்பு. ஆனால் கணக்கு தெரியாமல் மாட்டினால் வண்டி நிற்காது, சுற்றும்!

பின்னால் வேலை கம்மி

பிரேக் அடித்ததும் வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. பஸ்சில் நிற்பவர்கள் முன்னால் தள்ளப்படுவது போலத்தான் இதுவும்.

700 கிலோ எடையுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். என்ஜின் முன்பக்கம். நிற்கும்போது முன் சக்கரங்களில் 420 கிலோ, பின் சக்கரங்களில் 280 கிலோ. முன், பின் சக்கரத்துக்கு இடையே மாருதி 800 போல சுமார் 2.2 மீட்டர். எடையின் மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம். காய்ந்த ரோட்டில் பலமாக பிரேக் அடித்தால் சுமார் 110 கிலோ முன்னால் போய்விடும். பின்னால் மிஞ்சுவது 170 கிலோதான். பாரம் குறைந்தால் டயரின் பிடியும் குறையும். அதனால்தான் சின்ன கார்களில் கம்பெனிக்காரர்களே பின்னால் டிரம்மோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

பின் சக்கரம் லாக் ஆனால்?

முன் சக்கரம் முதலில் லாக் ஆனால் ஸ்டியரிங் கேட்காது, வண்டி நேராக இழுத்துக்கொண்டு போகும். அதுவே ஆபத்துதான். ஆனால் பின் சக்கரம் முதலில் லாக் ஆனால் அதைவிட மோசம். சுழலாத டயருக்கு பக்கவாட்டில் பிடி இருக்காது. கண் இமைக்கும் நேரத்தில் வால் பக்கம் முன்னால் வந்துவிடும். மழை ரோட்டில் கேட்கவே வேண்டாம்.

அளவு பார்க்காமல் பெரிய காலிப்பர் மாட்டினால் நடப்பது இதுதான். 17 மில்லிமீட்டர் வீல் சிலிண்டரில் இரண்டு பிஸ்டனுக்கும் சேர்த்து பரப்பு சுமார் 450 சதுர மில்லிமீட்டர். 34 மில்லிமீட்டர் பிஸ்டன் உள்ள காலிப்பரில் அது சுமார் 900. அதாவது இரண்டு மடங்கு! மறுபக்கம், டிரம்மில் சுற்றும் வேகமே ஷூவை உள்ளே இழுத்து பிடியை கூட்டும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. எனவே சின்ன காலிப்பர் மாட்டினால் பின் பிரேக் இருந்ததைவிட குறைந்துவிடும்.

இதை சரிக்கட்ட பின்பக்க பிரேக் லைனில் பிரஷரை குறைக்கும் அட்ஜஸ்டபிள் வால்வு மாட்டுவார்கள். முன் லைனில் அதை மாட்டவே கூடாது.

ஹேண்ட் பிரேக் எங்கே?

நிறைய பேர் கோட்டை விடும் இடம் இது. டிரம்மில் ஒரு கேபிள் இழுத்தால் ஹேண்ட் பிரேக் ரெடி. பைக் காலிப்பரையோ, காரின் முன்பக்க காலிப்பரையோ பின்னால் மாட்டினால் கேபிள் மாட்ட லீவரே இருக்காது. ஹேண்ட் பிரேக் லீவர் உள்ள பின்பக்க காலிப்பர், அல்லது நடுவில் குட்டி டிரம் உள்ள டிஸ்க் தேடி வாங்க வேண்டும். சரிவில் நிறுத்திய வண்டி தானாக உருண்டால் யார் பொறுப்பு?

கவனிக்க வேண்டியவை

* மாருதி 800-க்கு 12 அங்குல ரிம். டிஸ்க்கும் காலிப்பரும் உள்ளே இடிக்காமல் சுற்றுகிறதா என்று முதலில் பார்க்கவும்.

* டிரம்முக்கான சில மாஸ்டர் சிலிண்டர்களில் லைனில் லேசான பிரஷரை பிடித்து வைக்கும் வால்வு இருக்கும். அதை அப்படியே விட்டால் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருந்து சூடேறும்.

* பெரிய பிஸ்டனுக்கு பிரேக் ஆயில் அதிகம் வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் சின்னதாக இருந்தால் பெடல் ஆழமாக இறங்கும்.

* ஏர் எடுக்கும் நிப்பிள் காலிப்பரின் மேல் பக்கம் இருக்க வேண்டும். இடது, வலது மாற்றி மாட்டினால் நிப்பிள் கீழே போய்விடும். எத்தனை தடவை பெடல் அடித்தாலும் ஏர் போகாது.

* பழைய ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம் தூசியை கம்ப்ரசர் காற்றில் ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடையுங்கள்.

எப்படி சோதிப்பது?

ஆள் நடமாட்டம் இல்லாத மைதானத்தில், ஹெல்மெட், சீட் பெல்ட்டோடு, 30 கிலோமீட்டர் வேகத்தில் ஆரம்பிக்கவும். தள்ளி நின்று ஒருவர் சக்கரத்தை பார்க்க வேண்டும். முன் சக்கரம்தான் முதலில் லாக் ஆக வேண்டும். பின்னால் முதலில் லாக் ஆனால் வால்வை திருகி பின் பிரஷரை குறைத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார்க்கவும். அதன் பிறகே வேகத்தை கூட்டலாம். ஈரத் தரையிலும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ரோட்டில் ஓட்டலாமா?

முடியாது. மத்திய மோட்டார் வாகன விதி 126-ன்படி புது மாடல் வண்டி அங்கீகாரம் பெற்ற சோதனை மையத்தில் தேற வேண்டும். அது இல்லாமல் ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிவு கிடையாது. பதிவு இல்லாத வண்டி பொது ரோட்டில் ஓடக்கூடாது. டிராக், சொந்த இடம் மட்டும்தான்.

சரி, பதிவான பழைய காரில் மாற்றலாமா என்றால், அதுவும் சிக்கல்தான். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன சட்டப்படி, அனுமதி இல்லாமல் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் வண்டி உரிமையாளருக்கு ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

அப்போ டிஸ்க் வேண்டவே வேண்டாமா? மலைப்பாதை போல தொடர்ந்து பிரேக் அடிக்கும் இடத்தில் டிஸ்க் சீக்கிரம் ஆறும், ஈரமானாலும் சீக்கிரம் காயும். டிராக் வண்டிக்கு அது லாபம்தான். ஆனால் மற்ற வண்டிக்கு புது ஷூ, கசிவு இல்லாத வீல் சிலிண்டர், சரியான அட்ஜஸ்ட்மென்ட் இருந்தால் டிரம்மே தாராளம். செலவும் கம்மி, ஹேண்ட் பிரேக்கும் பத்திரம்!