துணைக்கு வரும் நாலு கால்

கையில் பை இல்லாமல், கோயிலுக்கும் போகாமல், கடைக்கும் போகாமல் ஒரு பெண்மணி விடியற்காலையில் தெருவில் இறங்கி நடந்தால் என்ன ஆகும்? நாலாவது வீட்டு வாசலிலிருந்து, "எங்கே அம்மா, இவ்வளவு சீக்கிரம்?" என்ற கேள்வி வந்துவிடும். "சும்மா காற்று வாங்க" என்று சொல்லிப் பாருங்கள், யாரும் நம்பமாட்டார்கள்! அதே அம்மாளின் கையில் ஒரு சங்கிலியும், அதன் மறு முனையில் ஒரு நாயும் இருந்துவிட்டால் கேள்விக்கே இடமில்லை. நாயை நடத்திக்கொண்டு போகிறாளாம்! யார் யாரை நடத்திப் போகிறார்கள் என்பது வேறு விஷயம்.

வீட்டில் நாய் இருக்கும் சகோதரிகளே, அந்தச் சலுகையை இந்த வசந்த காலத்தில் விட்டுவிடாதீர்கள். அதற்காகக் காஷ்மீரத்துக்கு டிக்கெட் வாங்க வேண்டாம். திருத்தணிக்குப் பக்கத்தில் இருக்கிறதே பொதட்டூர்பேட்டை, அந்த மாதிரி ஓர் ஊர் போதும். நெசவாளர் ஊர். ஆந்திர எல்லை கூப்பிடு தூரம். தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும். தறிச் சத்தம் பின்னால் தேய்ந்து மறையும் இடத்தில் முள்ளுப் புதரும் பாறைக் குன்றும் ஆரம்பமாகிவிடும். வடக்கே நகரி மலை நீலமாகத் தெரியும்.

பஞ்சாங்கத்தைக் கேட்டால் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும் என்று சொல்லும். குன்றடியில் நடக்கிறவர்களைக் கேட்டால் மாசிக் கடைசியும் பங்குனியும்தான் என்பார்கள். புங்க மரம் பழைய இலையை உதிர்த்துவிட்டுப் பளபளவென்று தளிர்க்கும் சமயம் அது. குயிலுக்குத் தொண்டை திறந்துவிடும். எங்கேயாவது ஒரு புரச மரம், ஓர் இலைகூட இல்லாமல், நெருப்புப் பிடித்ததுபோல் பூத்து நிற்கும். சென்னையில் புரசைவாக்கத்துக்குப் பெயர் கொடுத்த மரம் இதுதான். வேப்பமரத்தடியில் பூ உதிர்ந்து கிடந்தால் முந்தானையில் கொஞ்சம் அள்ளிக்கொள்ளுங்கள். எல்லைப்புறத்து ஊர்களில் இதற்கு இரட்டைக் கிராக்கி. உகாதிக்கு ஒரு பச்சடி, சித்திரை முதல் தேதிக்கு இன்னொரு பச்சடி!

நாம் பூவைப் பார்க்கிறோம். நாயோ ராத்திரி நடந்ததையெல்லாம் படித்துக்கொண்டு வரும். நம் மூக்கில் மணம் அறியும் அணுக்கள் 50 லட்சம் என்றால் அதற்கு இருபது கோடிக்கு மேல். முயல் போன தடம், கீரி நின்ற கல், பக்கத்துத் தெரு டைகர் விட்டுச் சென்ற சமாசாரம், எல்லாம் அதற்குத் தெரியும். ஆகவே நொடிக்கு ஒருதரம் சங்கிலியை இழுக்காதீர்கள். உங்கள் கையிலிருக்கும் பத்திரிகையை யாராவது பக்கத்துக்குப் பக்கம் பிடுங்கினால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு கண்டிப்பான விஷயம். நம் ஊர் வசந்தத்துக்கு ஆயுள் காலை எட்டு மணி வரைதான். விடியும்போது கிளம்பி எட்டுக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது; நாய்க்குப் பாதத்தில் மட்டும்தான் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். நமக்குச் செருப்பு உண்டு, அதற்கு அதுவும் கிடையாது. புறங்கையைப் பாறையிலோ தார் ரோட்டிலோ ஐந்தாறு விநாடி வைத்துப் பாருங்கள். பொறுக்க முடியவில்லையென்றால் நாயின் பாதமும் வெந்துபோகும்.

நாயின் சாதாரண உடல் சூடு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். 104-ஐத் தாண்டினால் ஆபத்து. இரைப்பு நிற்காமல், எச்சில் நூலாக ஒழுகி, கால் தள்ளாடினால் ஒரு கணம்கூடத் தாமதிக்காதீர்கள். நிழலில் கிடத்தி, உடம்பெங்கும் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். அப்படியே விசிறிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் தூக்கிப்போக வேண்டும். சப்பை மூக்குப் பக் நாயும், பனிப் பிரதேசத்து ஹஸ்கியும் சீக்கிரம் தவித்துப்போகும். அந்தஸ்துக்காக ஹஸ்கியை வாங்கிச் சென்னை வெயிலில் வளர்ப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத காரியம். நம் தெருவில் பிறந்த மணிக்கோ ஜிம்மிக்கோ என்ன குறைச்சல்? ஜாதி நாய்தான் வேண்டுமென்றால் சிப்பிப்பாறை இருக்கிறது, ராஜபாளையம் இருக்கிறது. ராஜபாளையத்துக்கு 2005-ல் தபால்தலையே வெளியிட்டுக் கௌரவித்தார்கள்.

திருத்தணி மலைக்கு 365 படிகள், நாளுக்கு ஒன்றாக. அங்கே மட்டும் நாயை அழைத்துப்போக வேண்டாம். பக்தர் கூட்டம் ஒரு பக்கம், குரங்குக் கூட்டம் ஒரு பக்கம். குன்றடியிலும் ஆடு மேய்கிற இடத்தில் சங்கிலியை அவிழ்க்காதீர்கள். புதருக்குள் மூக்கை நுழைக்கவும் விடாதீர்கள், விரியன் படுத்திருக்கும்.

வழியில் தெருநாய்கள் மறிக்கும். 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்து, மனிதர்களின் எல்லை வழக்கு ஒருவழியாகத் தீர்ந்தது. நாய்களின் எல்லை வழக்கு மட்டும் இன்றுவரை தீர்ந்தபாடில்லை! ஓடாதீர்கள், கூச்சலும் போடாதீர்கள். சங்கிலியைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டு, அவற்றின் முகத்தை உற்றுப் பார்க்காமல் மெதுவாகக் கடந்துவிடுங்கள். தப்பித்தவறி எந்த நாயின் பல்லாவது பட்டுவிட்டால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் இதற்கு உதவாது. பாஸ்டர் 1885-லேயே மருந்து கண்டுபிடித்துவிட்டார். நம் குன்னூரில் 1907-லேயே அவர் பெயரால் நிலையம் வந்துவிட்டது.

வீடு வந்ததும் முதலில் தண்ணீர். பிறகு காது மடிப்பிலும் கால் விரல் இடுக்கிலும் விரலை விட்டு உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். புதரோரம் போய்வந்தால் ஒன்றிரண்டாவது ஒட்டிக்கொண்டு வரும். நசுக்காமல், தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி அட்டையைக் காலண்டர் ஆணியிலேயே மாட்டிவிடுங்கள். பால் கணக்குப் பார்க்கும்போதெல்லாம் அடுத்த ஊசித் தேதியும் கண்ணில் படும்.