பகடை உருட்டி எழுப்பிய மலைகள்

ஒரு தாள், ஒரு பென்சில், ஒரு பகடை. இவை போதும், ஒரு மலை செய்துவிடலாம். தாளின் குறுக்கே 16 சென்டிமீட்டருக்குக் கோடு போடுங்கள். அதன் நடுப்புள்ளியைக் குறித்துக்கொண்டு பகடையை உருட்டுங்கள். இரட்டைப்படை விழுந்தால் அந்தப் புள்ளியை 4 செ.மீ. மேலே ஏற்றுங்கள், ஒற்றைப்படை என்றால் அதே அளவு கீழே இறக்குங்கள். கோடு இப்போது இரண்டு துண்டாக மடிந்திருக்கும். ஒவ்வொரு துண்டின் நடுவிலும் மறுபடி பகடை. இம்முறை 2 செ.மீ. மட்டும். அடுத்த சுற்றில் 1 செ.மீ., அதற்கடுத்து அரை செ.மீ. நான்கு சுற்று, 15 உருட்டல். தாளில் ஒரு மலைத்தொடரின் விளிம்பு தெரியும்.

மலையைச் செய்தது பகடை மட்டுமல்ல. சுற்றுக்குச் சுற்று ஏற்ற இறக்கம் பாதியாகக் குறைய வேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு வைத்தோமே, அதற்கும் சரிபாதிப் பங்கு உண்டு. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் முள்வேலி. மலையும் இப்படித்தான் இருக்கிறது: பெரிய முகடு, அதன்மேல் சிறிய மேடுகள், மேட்டின்மேல் பாறைகள், பாறையின்மேல் சொரசொரப்பு. கிட்டப் போகப் போக மேடு பள்ளம் சிறுத்துக்கொண்டே வருகிறது, தீர்ந்துபோவதில்லை. இப்படிப்பட்ட வடிவங்களுக்கு ‘ஃபிராக்டல்’ என்று பெயர் சூட்டியவர் கணித மேதை பெனுவா மாண்டல்பிராட்.

அவருடைய எழுத்தைப் படித்த லாரன் கார்ப்பென்டர், அப்போது போயிங் விமான நிறுவனத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். விமானப் படங்களுக்குப் பின்னணியில் மலைகள் வேண்டும். ஒவ்வொரு பாறையையும் கையால் வரைந்து மாளாது. அவர் கோட்டுக்குப் பதிலாக முக்கோணத்தை எடுத்துக்கொண்டார். முக்கோணத்தை நான்காகப் பிரிப்பது, புதிய முனைகளைத் தற்செயலாக ஏற்றி இறக்குவது, மறுபடி பிரிப்பது. இப்படிச் செய்த மலைகளின் மேல் பறந்து செல்லும் ‘வால் லீப்ர்’ என்ற இரண்டு நிமிடப் படத்தை, 1980-இல் சிக்கிராஃப் கணினி வரைகலை மாநாட்டில் திரையிட்டார். அரங்கம் ஆர்ப்பரித்தது. லூகாஸ்ஃபிலிம் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. 1982-இல் ‘ஸ்டார் டிரெக்’ இரண்டாம் படத்தில், உயிரற்ற கோளில் மலைகள் முளைத்தெழும் காட்சி அந்த வழியில் உருவானதுதான்.

மலை கிடைத்துவிட்டது. மேகத்துக்கும் பளிங்குக்கும் மரத்தின் ரேகைக்கும் என்ன செய்வது? அதே 1982-இல் ‘ட்ரான்’ படத்துக்கு வேலை செய்த கென் பெர்லினை உறுத்தியது இந்தக் கேள்விதான். கணினி வரைந்த எல்லாமே துடைத்துவைத்த பிளாஸ்டிக்போல் மழுமழுவென்று இருந்தன. ஒவ்வொரு பிக்சலுக்கும் தற்செயலாக ஒரு நிறம் கொடுத்துப் பார்த்தாலும் பயனில்லை. பழைய டிவியில் ஆன்டெனா திரும்பிக்கொண்டால் திரை முழுக்கப் புள்ளி பொரியுமே, அதுதான் கிடைக்கும். காரணம், அங்கே ஒரு புள்ளிக்கும் பக்கத்துப் புள்ளிக்கும் உறவே இல்லை. மேகத்தில் அப்படியா? வெண்மைக்கு அடுத்து சற்றே மங்கிய வெண்மை. மெல்ல மெல்லத்தான் சாம்பல் நிறம் வரும்.

அந்த உறவைப் பெர்லின் இப்படிக் கொண்டுவந்தார். கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல் சீரான இடைவெளியில் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் தற்செயலான திசையில் ஓர் அம்பு. அந்த இடத்தில் தளம் எந்தப் பக்கம் மேடேறுகிறது என்பதை அம்பு சொல்லும். இடைப்பட்ட இடங்களில், சுற்றியுள்ள அம்புகளின் சொல்லை வழவழப்பான ஒரு வளைவால் கலந்துகொள்ள வேண்டும். கிடைப்பது மெதுவாக ஏறி இறங்கும் ஓர் அலைப்பரப்பு. இதன்மேல் இருமடங்கு நெருக்கமும் பாதி உயரமும் கொண்ட இன்னொன்று, அதன்மேல் மற்றொன்று என்று அடுக்கினால் மேகம் வந்துவிடும். நேர்க்கோடுகளை இந்த அலையால் அங்கங்கே நெளித்துவிட்டால் பளிங்கின் ரேகை. 1985-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் இடம்பெற்ற பளிங்குக் குவளை இப்படிப் பிறந்ததுதான். ‘பெர்லின் நாய்ஸ்’ என்று பெயர் பெற்ற இந்த முறைக்காக, ஆஸ்கர் வழங்கும் அகாடமி 1997-இல் அவருக்குத் தொழில்நுட்பச் சாதனை விருது அளித்தது.

இதில் என்னை மிகவும் ஈர்ப்பது வேறொன்று. சினிமாவில் நொடிக்கு 24 படங்கள். ஒவ்வொன்றுக்கும் புதிதாகப் பகடை உருட்டினால், மலை நொடிக்கு 24 முறை உருமாறித் துடிக்கும். எனவே பெர்லின், குலுக்கிப்போட்ட எண்களின் அட்டவணை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டார். இந்த இடத்துக்கு இந்த அம்பு என்று அட்டவணை சொன்னால் சொன்னதுதான். எத்தனை முறை கேட்டாலும் அதே பதில். பார்ப்பவர் கண்ணுக்குத் தற்செயல். கணினிக்கோ மாறாத கணக்கு. மைன்கிராஃப்ட் விளையாடும் பிள்ளைகளைக் கேளுங்கள். விளையாட்டின் ஒரே பதிப்பில், ‘சீட்’ எனப்படும் ஒரே விதை எண்ணைக் கொடுத்தால், எந்த ஊரில் யார் திறந்தாலும் அதே மலை, அதே ஆறு.

உங்கள் தாளுக்கு வருவோம். பகடை உருட்டியபோது விழுந்த 15 ஒற்றை இரட்டைகளை ஓரத்தில் வரிசையாகக் குறித்துவைத்திருந்தால், தூரத்தில் இருக்கும் தோழிக்குப் போன் போட்டு அவற்றைப் படித்துக்காட்டுங்கள். அவர் தாளிலும் உங்கள் மலையே எழும், முகட்டுக்கு முகடு பிசகாமல்.