வால்வின் மேல் ஏன் பழி?

வீட்டில் கட்டிய ஹாம் ரேடியோ வால்வு ஆம்ப்ளிஃபையர், உள்ளீடே இல்லாதபோதும் கிரிட் மின்னோட்டம் காட்டினால் பலரும் முதலில் வால்வைத்தான் மாற்றுகிறார்கள். குற்றம் பெரும்பாலும் வயரிங்கில். 807 போன்ற வால்வில் சில அங்குலக் கம்பியே சுருளாகி, உள்ளிருக்கும் சில பிக்கோஃபாரட் கொள்ளளவோடு சேர்ந்து, 7 மெகாஹெர்ட்ஸுக்குக் கட்டியதை 100 மெகாஹெர்ட்ஸை ஒட்டித் தானாக அலைவுறச் செய்யும்; அந்தக் கிரிட் மின்னோட்டம் அதன் அடையாளம். புது வால்வில் அடங்கியதே என்பார்கள். வால்வுக்கு வால்வு பெருக்கம் சற்று மாறும்; குறைந்த வால்வில் அலைவு எழவில்லை, அவ்வளவுதான்.

டியூனிங் கண்டென்சரைத் திருப்பும்போது அந்த மின்னோட்டமும் துள்ளினால், பின்னூட்டம் பெரும்பாலும் இயங்கும் அலைவரிசையிலேயே இருக்கிறது. அதை எதிர்ப்பின்னூட்டம் கொடுத்து நீக்க (நியூட்ரலைஸ் செய்ய) வேண்டும். அசையாமல் நின்றால், அது பெரும்பாலும் மேலே சொன்ன 100 மெகாஹெர்ட்ஸ் அலைவு; அதை அடக்க, (உயர் மின்னழுத்தத்தை வடித்த பிறகே கை வைத்து) பிளேட் கம்பியில் சிறு மின்தடை மேல் இரண்டு மூன்று சுற்றுச் சுருள் போடலாம். சுற்றுகளைக் கூட்டினால் 28 மெகாஹெர்ட்ஸில் மின்தடை கருகும்.