பத்து நாளில் தீருமா குடிநோய்?



எருசலேமில் பெத்சதா குளத்தருகே 38 ஆண்டுகளாக உடல்நலமற்றுக் கிடந்த ஒருவரை யோவான் நற்செய்தியின் 5ஆம் பிரிவில் சந்திக்கிறோம். நலம்பெற விருப்பமா என்று இயேசு அவரிடம் கேட்கிறார். இத்தனை ஆண்டுகள் படுத்துக் கிடப்பவரிடம் இப்படியும் ஒரு கேள்வியா என்று நமக்குத் தோன்றலாம். அவரோ விருப்பம் உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தம்மைக் குளத்தில் இறக்கிவிட ஆள் இல்லை என்கிறார். குடிநோயாளி ஒருவரோடு சில ஆண்டுகள் வாழ்ந்த குடும்பங்களுக்கு அந்தக் கேள்வியும் விளங்கும், அந்தப் பதிலும் விளங்கும்.

இந்திய அரசின் சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2019ஆம் ஆண்டு வெளியானது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார் என்றது அந்த ஆய்வு. 38 என்ற எண் இங்கேயும் வந்து நிற்பது தற்செயல்தான். ஆனாலும் வாசித்தபோது சற்று நின்றுவிட்டோம். மருத்துவமனையிலோ மையத்திலோ தங்கிச் சிகிச்சை பெற்றவர்கள் இன்னும் குறைவு, 180 பேருக்கு ஒருவர்.

அந்த 180இல் ஒருவராக நம் அவனியாபுரத்தில் நாம் அறிந்த ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். கொத்தனார் வேலை. கைத்தொழில் சுத்தமாக இருக்கும். மனைவி நகையை அடகு வைத்து அவரை ஒரு மையத்தில் சேர்த்தார். பத்தாம் நாள் முகம் தெளிந்து, நன்றாகச் சாப்பிட்டு, பிள்ளைகளைப் பற்றி விசாரிக்கிற மனிதராக இருந்தார். "இனி எனக்கென்ன, வேலைக்குப் போகிறேன்" என்றார். உறவினர்களும் அழைத்து வந்துவிட்டார்கள். சில வாரங்களில் தைப்பொங்கல். நம் ஊர் ஜல்லிக்கட்டு நாளில் தெருவெல்லாம் கூட்டம், பழைய கூட்டாளிகள், கையில் கொஞ்சம் பணம். அன்று இரவு அவரைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். "பணத்தைக் கொட்டியும் திருந்தவில்லையே" என்று தெரு பேசியது. அவர் மனைவி அதன்பிறகு பல வாரங்கள் திருப்பலிக்கு வரவில்லை.

அவர் திருந்தவில்லை என்பது தவறான பேச்சு. சிகிச்சையின் முதல் படியை முழுச் சிகிச்சை என்று நாம் எல்லாரும் நினைத்துக்கொண்டோம். அதுதான் நடந்தது.

அந்தப் பத்து நாள்களில் மருத்துவர்கள் செய்வது உடலை மதுவிலிருந்து பத்திரமாகப் பிரித்தெடுப்பது. பல ஆண்டுகள் அன்றாடம் குடித்தவரின் மூளையும் நரம்புகளும் மதுவுக்குப் பழகிப்போனவை. திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. முதல் இரண்டு நாள்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே சிலர் நினைவு குழம்பி, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்லி அலறுவார்கள். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். ஆகவே நெடுநாள் குடித்தவரை வீட்டு அறையில் பூட்டி வைத்து நிறுத்தப் பார்ப்பது ஆபத்து. நரம்புகளை அமைதிப்படுத்தும் மருந்தையும், குடிப்பவர்களின் உடலில் மிகவும் குறைந்துவிடுகிற பி1 வைட்டமினையும் மருத்துவர் கொடுப்பார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுங்கள்' என்று பொட்டலம் விற்பவர்கள் உண்டு. கேட்பதற்கு ஆறுதலாக இருக்கும், வாங்காதீர்கள். குடித்தால் உடலுக்கு ஒவ்வாமல் போகச் செய்யும் டைசல்ஃபிராம் என்ற மாத்திரை உண்மையிலேயே உண்டு. ஆனால் நோயாளி அறிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில்தான் அதை எடுக்க வேண்டும். தெரியாமல் கொடுத்து, அவர் மேலே குடித்துவிட்டால், இரத்த அழுத்தம் விழுந்து மயங்குவார், இதயமே பாதிக்கப்படலாம்.

சரி, பத்து நாளில் மது உடலை விட்டுப் போய்விட்டது. பிறகு என்ன மிச்சம்? சனிக்கிழமைக் கூலி மிச்சம். வேலை முடிந்து குளித்ததும் ஆறு மணிக்குக் கால் தானாகத் திரும்புகிற அந்தச் சந்து மிச்சம். மாமனார் சொன்ன ஒரு சொல், கட்ட முடியாத வட்டி, பிள்ளை தன்னைப் பார்த்து ஒதுங்குகிற அவமானம், இவற்றையெல்லாம் இதுவரை குடித்து மறந்தவர் இனி குடிக்காமல் தாங்க வேண்டும். மூளை தேற மாதங்கள் ஆகும். தூக்கமும் பொறுமையும் திரும்பி வருவதற்குள் ஆசை பலமுறை வந்து கதவைத் தட்டும். அமெரிக்காவின் போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் தன் வழிகாட்டு நெறிகளில், 90 நாள்களுக்குக் குறைவான சிகிச்சையின் பயன் பெரும்பாலும் குறைவே என்று குறிப்பிட்டது இதனால்தான்.

நீண்டநாள் தங்கிப் பெறும் சிகிச்சை என்றால் மூன்று மாதமும் ஊசி போடுவார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். மருந்து அங்கே சிறு பகுதிதான். விடியலில் எழுவது, படுக்கையை மடிப்பது, முறை வைத்துச் சமைப்பது, தோட்டத்தில் வேலை செய்வது, வட்டமாக அமர்ந்து தன் கதையை மறைக்காமல் சொல்வது, அடுத்தவர் கதையில் தன்னைக் காண்பது, ஆலோசகரோடு தனியாகப் பேசுவது, இரவு நேரத்துக்குத் தூங்குவது. இதென்ன பெரிய வைத்தியம் என்று கேட்கலாம். ஒரு நாளை எப்படி வாழ்வது என்பதே மறந்துபோனவருக்கு அதைத் திரும்பக் கற்றுத்தருவது பெரிய வைத்தியம்தான்.

பிரேசில் நாட்டின் குவாரத்திங்குவெத்தா நகரில் 1983ஆம் ஆண்டு தொடங்கிய 'நம்பிக்கையின் பண்ணை' இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பிரான்சிஸ்கன் சபைத் துறவி ஹான்ஸ் ஸ்டாபெல் பணியாற்றிய பங்கில், நெல்சன் என்ற இளைஞர் தெருமுனையில் போதைக்கு அடிமையாகி நின்றவர்களோடு நட்புக் கொண்டதில் பிறந்தது அது. அங்கே சேர்பவர் ஓராண்டு தங்குகிறார். உழைப்பு, கூட்டு வாழ்வு, இறைவேண்டல், இந்த மூன்றே அங்கு அடித்தளம். 2007ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அங்கு நேரில் சென்று அவர்களைச் சந்தித்தார்.

நம் தமிழகத்திலும் ஒரு தொடக்கம் உண்டு, அது ஒரு வீட்டின் துயரத்திலிருந்து வந்தது. சாந்தி ரங்கநாதன் என்ற பெண்மணியின் கணவர் 1979ஆம் ஆண்டு, 33 வயதில், குடியால் இறந்தார். வசதியான, பெயர்பெற்ற குடும்பம். இருந்தும் எங்கே கொண்டுபோய்க் காட்டுவது என்று தெரியாத காலம். சாந்தி அமெரிக்கா சென்று இந்நோய்க்கான சிகிச்சை முறைகளைக் கற்றுவந்து, 1980இல் சென்னையில் கணவர் பெயரிலேயே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அதுவே டி.டி.கே. மருத்துவமனையாக வளர்ந்தது. 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருதும், 1999இல் ஐ.நா.வின் வியன்னா குடிமைச் சமூக விருதும் கிடைத்தன. அங்கே நோயாளிக்குச் சிகிச்சை நடக்கும்போதே மனைவியோ பெற்றோரோ வந்து தங்களுக்கான அமர்வுகளில் பங்கேற்கிறார்கள். நோய் ஒருவருக்கு, காயம் வீட்டில் எல்லாருக்கும் என்பதைத் தன் வாழ்விலேயே அறிந்தவர் அமைத்த முறை அது.

அவர் இன்னொன்றையும் கண்டார். அன்றாடங்காய்ச்சியால் மாதக்கணக்கில் படுக்கையில் இருக்க முடியாது. கூலி போனால் அடுப்பு எரியாது. எனவே திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில், ஊர்க்காரர்களின் துணையோடு, ஊருக்குள்ளேயே 15 நாள் முகாம் நடத்தினார்கள். வெறும் 15 நாள் எப்படிப் போதும்? முகாம் முடிந்த பிறகும் நோயாளியை ஊரார் விட்டுவிடவில்லை, தொடர்ந்து பார்த்துக்கொண்டார்கள். நீண்டநாள் சிகிச்சை என்பதன் பொருள் நமக்கு இங்கேதான் தெளிவாகிறது. நீளம் கட்டிலில் மட்டும் இல்லை.

எல்லாருக்கும் மாதக்கணக்கில் தங்க வேண்டியதில்லை. நோய் இன்னும் முற்றாதவர், வேலையும் ஆதரவான வீடும் உள்ளவர், வெளிநோயாளியாகச் சென்றே தேறலாம். பலமுறை நிறுத்தித் திரும்ப விழுந்தவர், மதுவோடு கஞ்சாவோ மாத்திரைகளோ சேர்ந்தவர், மனநோயும் உடன் உள்ளவர், திரும்பிப்போக நல்ல வீடு இல்லாதவர், இவர்களுக்கே நீண்ட தங்கல் தேவை. யார் எந்த வகை என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், மையத்தின் முகவர் அல்ல. மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தொடங்கலாம். எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையும் இப்பணியைச் செய்துவருகிறது. போதை மீட்புக்கான அரசின் இலவசத் தொலைபேசி எண் 14446, மனநல உதவிக்கு 14416.

முகவர் என்றோம். நள்ளிரவில் வண்டியோடு வந்து, நான்கு பேர் கையைக் காலைப் பிடித்துத் தூக்கிப்போவதும், 'மூன்று மாதம் யாரும் பார்க்க வரக்கூடாது' என்பதும் சிகிச்சை ஆகாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாளை நம் பகுதியினர் மறந்திருக்க மாட்டோம். இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநலப் பாதிப்புகளும் அச்சட்டத்துக்குள் வருகின்றன. எனவே சேர்க்கும் முன் கேளுங்கள்: அரசுப் பதிவு இருக்கிறதா, மருத்துவர் எந்தெந்த நாளில் வருகிறார், குடும்பம் எப்போது பார்க்கலாம், இரவில் வலிப்பு வந்தால் எங்கே கொண்டுபோவார்கள். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கிற இடத்தில் நம் வீட்டு மனிதரை விட்டுவர வேண்டாம்.

அவர் உள்ளே இருக்கும் அந்த மாதங்களில் வெளியே நாம் என்ன செய்கிறோம்? வீட்டிலுள்ளவர்கள் நவநாள் வேண்டுகிறார்கள், நல்லது. அதோடு கடன் கணக்கை எழுதி வைக்கலாம், ஆலோசகர் அழைக்கும் நாளில் தவறாமல் போகலாம், பழையதைச் சொல்லிக்காட்டாமல் பேசப் பழகலாம். பிள்ளைகளின் கட்டணத்துக்கும் அரிசிக்கும் வின்சென்ட் தே பவுல் சபையினர் கைகொடுத்தால், 'வீட்டில் பட்டினி' என்ற காரணத்துக்காக அவர் பாதியில் வெளியேற வேண்டியிராது. இனி பங்குக்கு வருவோம். தவக்காலம் முழுக்கக் குடிக்காமலிருந்து, பாஸ்கா இரவிலேயே பாட்டிலைத் திறக்கிற வழக்கம் நம்மிடையே உண்டு. புதுநன்மை விருந்தில்கூட மாடியில் தனியாக மது வைக்கிறோம். ஏழு வயதுப் பிள்ளையின் நற்கருணை விருந்து அது! மூன்று மாதம் போராடிவிட்டு வந்தவரை அந்த விருந்துக்கு அழைப்பது அன்பு என்று நினைத்துக்கொள்கிறோம்.

அந்தக் கொத்தனார் மீண்டும் சிகிச்சைக்குப் போனார். இந்த முறை மூன்று மாதம் தங்கினார். வந்த பிறகு அவர் அன்பியத்தைச் சேர்ந்த இருவர், ஒருவர் பழைய குடிநோயாளி, சனிக்கிழமைதோறும் அவர் வேலை செய்யும் இடத்துக்கே போனார்கள். கூலி வாங்கியதும் மூவரும் தேநீர் குடித்துவிட்டு, அந்தச் சந்து வழியாக அல்லாமல் சுற்றுவழியாக நடந்து வீட்டுக்கு வந்தார்கள். கூலியை மனைவி கையில் கொடுக்கும்வரை வாசலில் நின்றுவிட்டுத்தான் கிளம்பினார்கள். நடுவில் ஒருமுறை அவர் சறுக்கினார். மறுநாள் காலையே அந்த இருவரும் அவரை ஆலோசகரிடம் அழைத்துப்போனார்கள், தெருவுக்குத் தெரிவதற்குள். இப்போது ஜல்லிக்கட்டு நாளில் அவர் குடும்பத்தோடு காலையிலேயே மாமியார் ஊருக்குப் போய்விடுகிறார். அடுத்த மாதம் வேறொருவர் தங்கல் முடிந்து நம் பங்குக்குத் திரும்புகிறார். அவருக்கும் சனிக்கிழமைதான் கூலி. மாலை ஐந்தரைக்குக் கிளம்ப இரண்டு பேர் வேண்டும். முடிந்தவர்கள் திருப்பலிக்குப் பின் பங்குத்தந்தையிடம் பெயர் கொடுங்கள்.