பிள்ளைக்கு எடுத்த காப்புறுதி: பணம் யார் கைக்குப் போகும்?

ஒரு லோரி ஓட்டுநர். மனைவியோடு மணமுறிவு ஆகிவிட்டது. எட்டு வயது மகள் அவருடைய தாயாரிடம் தோட்டத்து வீட்டில் வளர்கிறாள். தனக்கு ஏதாவது நேர்ந்தால் மகள் தவிக்கக்கூடாது என்று 1 லட்சம் வெள்ளிக்கு ஆயுள் காப்புறுதி எடுத்து, பாரத்தில் மகளின் பெயரை எழுதுகிறார். நாளை அவர் விபத்தில் இறந்துவிட்டால், காப்புறுதி நிறுவனம் அந்தப் பணத்தை யாரிடம் கொடுக்கும்?

வளர்க்கும் பாட்டியிடம்தான் என்று நம்மில் பலர் நினைப்போம். ஆனால், பாரத்தில் வேறு எதுவும் எழுதாத நிலையில், சட்டம் கைகாட்டுவது பிள்ளையின் தாயாரைத்தான். இது ஓர் உதாரணக் குடும்பம். என்றாலும், இப்படிப்பட்ட சூழலில் பிள்ளைகளின் காப்புறுதிப் பணத்திற்காகக் குடும்பங்கள் வழக்கறிஞரைத் தேடி அலைய நேரலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் ஆயுள் காப்புறுதிப் பணத்தை யாருக்குக் கொடுப்பது என்பதை 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின் 10ஆவது அட்டவணை முடிவு செய்கிறது. 16 வயது நிரம்பிய பாலிசிதாரர் ஒருவரை ‘நோமினி’யாக நியமிக்கலாம். முஸ்லிம் அல்லாத ஒருவர் தம் கணவரை, மனைவியை அல்லது பிள்ளையை நியமித்தால், அந்தப் பணம் அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட ‘டிரஸ்ட்’ பணமாகிவிடும். அது இறந்தவரின் சொத்தில் சேராது. அவர் வைத்துவிட்டுப் போன கடனுக்காகவும் அதில் கை வைக்க முடியாது.

இது பிள்ளைக்குப் பெரிய பாதுகாப்பு. ஆனால், 18 வயது நிரம்பாத பிள்ளை பணத்தை நேரடியாகப் பெற முடியாது. அதுவரை அதைப் பெற்றுப் பாதுகாக்க ஓர் அறங்காவலர் வேண்டும். பாலிசிதாரரே ஒருவரை நியமித்திருந்தால் அவரிடம் பணம் போகும். நியமிக்காவிட்டால், உயிரோடு இருக்கும் தாய் அல்லது தந்தை அறங்காவலராவார். பெற்றோர் இருவரும் இல்லாவிட்டால் பொறுப்பு அமானா ராயாவிடம் போகும்.

பிள்ளை யாரிடம் வளர்கிறது, யார் பள்ளிக்கு அனுப்புகிறார் என்பதையெல்லாம் காப்புறுதி நிறுவனம் விசாரித்து முடிவு செய்வதில்லை. தாயாரிடம் பணம் போகக்கூடாது என்று பாட்டி கருதினால், அவர் நீதிமன்றம்தான் செல்ல வேண்டும்.

அறங்காவலரின் பணம் அல்ல

அறங்காவலராகப் பணத்தைப் பெறுபவர் அதன் சொந்தக்காரர் அல்லர். பிள்ளையின் படிப்பு, பராமரிப்பு போன்ற பிள்ளையின் நலனுக்காக மட்டுமே அதைச் செலவிட வேண்டும். கணக்கு வைத்திருக்க வேண்டும். சொந்தக் கடனை அடைக்கவோ கார் வாங்கவோ அதைப் பயன்படுத்தினால், பிள்ளையின் சார்பில் வழக்குத் தொடரலாம். ஆனால், செலவாகிப்போன பணத்தை வழக்குப் போட்டுத் திரும்பப் பெறுவது எளிதல்ல. அதனால்தான் யார் அறங்காவலர் என்பதை முன்கூட்டியே முடிவு செய்வது முக்கியம்.

பாட்டியின் பெயரையே எழுதிவிட்டால்?

“பிள்ளை சின்னது, அம்மா பெயரையோ தம்பி பெயரையோ போடுவோம், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்று எழுதுபவர்கள் உண்டு. இங்கேதான் பெரிய சிக்கல் வருகிறது. மனைவியோ பிள்ளையோ உயிரோடு இருக்கும்போது தாயை நியமித்தால் ‘டிரஸ்ட்’ உருவாகாது. தம்பியை நியமித்தாலும் அப்படித்தான். அவர்கள் பணத்தைப் பெற்றுப் பகிர்ந்து கொடுக்கும் பொறுப்பாளர்கள் மட்டுமே. பணம் இறந்தவரின் சொத்தில் சேரும். கடன்காரர்களுக்குக் கொடுத்த பிறகே மீதி வாரிசுகளுக்குப் போகும்.

உயில் இல்லாவிட்டால் 1958ஆம் ஆண்டு சொத்துப் பகிர்வுச் சட்டப்படி அந்த மீதி பிரிக்கப்படும். அந்த லோரி ஓட்டுநரின் குடும்பத்தில், மகளுக்கு மூன்றில் இரண்டு பங்கும் பாட்டிக்கு மூன்றில் ஒரு பங்கும் கிடைக்கும். முழுப் பணமும் மகளுக்கு என்ற அவருடைய எண்ணம் நிறைவேறாது.

யார் பெயரையும் எழுதாமல் விட்டாலும் இதே பகிர்வுதான். கூடவே, சொத்து நிர்வாக உரிமைக் கடிதம் பெற வேண்டிய நிலையும் வரலாம். வாரிசுகளில் வயது குறைந்த பிள்ளை இருந்தால், குறைந்தது இரண்டு நிர்வாகிகள் அல்லது ஓர் அறங்காவல் நிறுவனம் வேண்டும் என்பது விதி. பெற்றோரின் திருமணம் கோயிலோடு நின்று, பதிவு செய்யப்படாமல் இருந்தால், பிள்ளையின் வாரிசுரிமையை நிலைநாட்டவே தனியாகப் போராட வேண்டிவரும்.

மணமுறிவு பெயரை அழிக்காது

ஒருமுறை செய்த நியமனம் மணமுறிவால் தானாக ரத்தாகாது. பிறகு எழுதும் உயிலும் அதை மாற்றாது. பத்து ஆண்டுகளுக்கு முன் மனைவியின் பெயரை எழுதியிருந்தால், பிரிந்த பிறகும் அந்தப் பெயர்தான் நிற்கும். ‘டிரஸ்ட்’ உருவான பாலிசியில் நோமினியை மாற்றவும், பாலிசியைச் சரண்டர் செய்யவும், அடமானம் வைக்கவும் அறங்காவலரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும். முன்னாள் மனைவியே அறங்காவலராக இருந்தால், அவர் கையெழுத்துப் போட வேண்டும்.

என்ன செய்யலாம்?

முதலில், வீட்டில் உள்ள பாலிசிகளை எடுத்து யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். தெரியாவிட்டால் முகவரிடமோ நிறுவனத்தின் கிளையிலோ கேளுங்கள்.

பணம் பிள்ளைக்கு என்றால், நோமினியாகப் பிள்ளையின் பெயரையே எழுதுங்கள். பாட்டியோ சித்தப்பாவோ பார்த்துக்கொள்ள வேண்டுமென்றால், அவர்களை அறங்காவலராக நியமியுங்கள். ஏற்கெனவே எடுத்த பாலிசிக்கும் நிறுவனத்திற்கு எழுத்து மூலம் தெரிவித்து அறங்காவலரை நியமிக்கலாம்.

நியமனத்திற்குச் சாட்சி வேண்டும். சாட்சிக் கையெழுத்திடுபவர் 18 வயது நிரம்பியவராகவும், அந்தப் பாலிசியில் நோமினியாக இல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

திருமணம், மணமுறிவு, குழந்தைப்பேறு, அறங்காவலரின் மரணம் ஆகியவை நேரும்போதெல்லாம் பாரத்தை மறுபடியும் பாருங்கள்.

தகராறு ஏற்கெனவே வந்துவிட்டால், யாரோடு தகராறு என்பதைப் பொறுத்து வழி மாறும். பணம் தர மறுக்கும் நிறுவனத்தின் மீதான புகாரை நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மன் சேவையிடம் கொண்டுபோகலாம். குடும்பத்தினருக்கு இடையிலான சண்டைக்கு நீதிமன்றம்தான் வழி. வழக்கறிஞர் கட்டணம் கட்ட முடியாதவர்கள் சட்ட உதவித் துறையான ஜபாத்தான் பந்துவான் குவாமானை அணுகலாம்.

அந்த லோரி ஓட்டுநர் மகளின் பெயரை எழுதியது சரிதான். அதோடு, அறங்காவலருக்கான இடத்தில் தன் தாயாரின் பெயரையும் எழுதியிருந்தால், மகளுடைய பணம் அவளை வளர்ப்பவரிடமே போய்ச் சேரும்.